'செல்ஃப்' யாருடையது? கார் தொடங்கும் அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு காரை ஸ்டார்ட் செய்வது யார் என்று கேட்டால், இதிலென்ன கேள்வி, சாவி வைத்திருப்பவன்தான் என்று பதில் வரும். சாவி வைத்திருப்பவன் சொந்தக்காரன், சாவி இல்லாமல் எடுப்பவன் திருடன். சொத்துடைமைச் சமூகத்தின் சட்டப் புத்தகத்தில் பாதியை இந்த ஒரு வாக்கியத்துக்குள் மடித்து வைத்துவிடலாம். ஆனால் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வட அமெரிக்காவில் காரின் ஸ்டார்ட்டர் ஒயருக்கு நேர்ந்ததைப் பார்த்தால், இந்த இருவருக்கும் அப்பால் மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பது தெரிகிறது. அவன் காரில் ஏறுவதில்லை. கையில் சாவியும் கிடையாது. ஆனால் வண்டி எடுக்குமா எடுக்காதா என்று முடிவு செய்பவன் அவன்தான். இந்த மூன்றாவது ஆள் எந்த வழியாக உள்ளே வந்தான் என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன். அவன் வந்தது 'வசதி', 'பாதுகாப்பு' என்கிற இரண்டு கதவுகளின் வழியாக.

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் வின்னிபெக் என்றொரு நகரம். ஜனவரியில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்குப் போவது அங்கே சாதாரணம். அந்தக் குளிரில் என்ஜின் ஆயில் கெட்டிப்பட்டுவிடும், பேட்டரியின் வலுவும் பாதிக்குக் கீழே போய்விடும். ராத்திரி வெளியில் நிற்கும் கார்களின் முன்பக்கத்திலிருந்து பிளக்கோடு ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும். என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுப்பதற்காக. இப்படியாப்பட்ட ஊரில், காலையில் ஜன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டே ஒரு பொத்தானை அமுக்கினால் வெளியே வண்டி தானாக ஸ்டார்ட் ஆகிச் சூடேறி நிற்கும் என்றால் யார்தான் வேண்டாமென்பார்கள்? ரிமோட் ஸ்டார்ட்டர் அங்கெல்லாம் பரவியதில் ஆச்சரியமில்லை. மானிடோபா பக்கம் அதற்கு 'கமாண்ட் ஸ்டார்ட்' என்றே பேர். கட்டளையிட்டுத் தொடங்குவது. கட்டளை இடுவது யார் என்பதில் அந்த ஜனங்களுக்குச் சந்தேகம் ஏதும் இருந்திருக்காது.

தனியாக வாங்கிப் பொருத்தும் ரிமோட் ஸ்டார்ட்டர் செய்வது அடிப்படையில் ஓர் ஏமாற்று வேலை. ஸ்டியரிங்குக்கு அடியில், சாவித்துளைக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களோடு இதன் ஒயர்களை இணைக்கிறார்கள். ரிமோட்டிலிருந்து சமிக்ஞை வந்ததும் பெட்டி அந்த ஒயர்களுக்கு வரிசைப்படி மின்சாரம் அனுப்புகிறது. முதலில் இக்னிஷன், அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார், என்ஜின் பற்றிக்கொண்டதும் ஸ்டார்ட்டரை விட்டுவிடுவது. யாரோ சாவியைத் திருகிவிட்டதாகக் கார் நம்பிவிடுகிறது. ஒயரை உரசி வண்டியைக் கிளப்பும் திருடனின் கைவேலையும் இதுதான். வித்தையை அவனிடம் கற்றுக்கொண்ட கருவிக்கு அவனைக் குறித்தே பயமும் இருக்கிறது. ஆள் இல்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டியை எவனாவது ஓட்டிக்கொண்டு போய்விட்டால்?

எனவே நிபந்தனைகள். கதவுகள் பூட்டியபடியே இருக்கும். சாவி போடாமல் பிரேக்கை மிதித்தால் என்ஜின் நின்றுவிடும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதிக்காமல் கியரை நகர்த்த முடியாது என்பதால் திருடன் மாட்டிக்கொள்வான். பானெட்டைத் திறந்தாலும் நிற்கும். கை உள்ளே இருக்கும்போது என்ஜின் சுழன்றால் விரல் போய்விடும். யாரும் வராவிட்டால் 10 அல்லது 15 நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். இதெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காரை ஆளில்லாமல் ஓடவிட்டுப் போவது சட்டப்படி குற்றம். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி ரிமோட் ஸ்டார்ட்டருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். கருவிக்குள் இருக்கும் நிபந்தனைகளைச் சட்டம் தன்னுடைய நிபந்தனைகளாகவே ஏற்றுக்கொண்டது.

இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் இன்னொரு சின்ன உறுப்பும் சேர்ந்தே வருகிறது. அலாரத்தைப் போட்டுவிட்டால் ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரைத் துண்டித்துப் பிடித்துக்கொள்ளும் ரிலே. அப்போது சாவியே போட்டாலும் வண்டி எடுக்காது. ஆக, தொடக்கும் பெட்டியும் தடுக்கும் பெட்டியும் ஒன்று. விலைப்பட்டியலில் முன்னதற்கு வசதி என்றும் பின்னதற்குப் பாதுகாப்பு என்றும் பேர். ஒயர் ஒன்றுதான். ரிலேவுக்குச் சொந்தக்காரன், திருடன் என்கிற பாகுபாடெல்லாம் தெரியாது. கட்டளை வந்தால் திறக்கும், வந்தால் மூடும். இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மூர் டிரைவர்கள் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் 'செல்ஃப்' என்பார்கள். 'செல்ஃப் எடுக்கல', 'செல்ஃப் அடிச்சு அடிச்சே பேட்டரி போச்சு'. செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதன் சுருக்கம். கோட்பாட்டு நண்பர்கள் 'தன்னிலை', 'சுயம்' என்றெல்லாம் மொழிபெயர்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அதே சொல். தானாகத் தொடங்குவது என்றால் அந்தத் 'தான்' யார் என்று டிரைவர் யாரும் கேட்டதில்லை. செல்ஃப் வருவதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அது அவருக்குப் பெரிய விடுதலை. முன்னால் குனிந்து ஹேண்டிலை மாட்டிச் சுற்ற வேண்டும். தீப்பொறி நேரம் தப்பி முந்தி விழுந்தால் என்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறியும். லாரி கிளீனராக இருந்த என் தாய்மாமா சொல்வார்: கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கணும், அப்போதான் உதைச்சா கை தானா விட்டுப் போகும். அவர் சொல்லாமல் விட்டது, ஹேண்டில் சுற்றும் வேலை எப்போதும் கிளீனருடையது என்பது. டிரைவர் மேலே உட்கார்ந்திருப்பார். தொடங்குவதில் ஆபத்து இருந்த காலத்தில் அந்த ஆபத்து கீழே நிற்பவனின் உடலில்தான் இறங்கியது. மேற்கிலும் இப்படித்தான். சீமான்களுக்கு ஷோஃபர் இருந்தான்.

ஆபத்து மேல்தட்டைத் தொட்டபோதுதான் செல்ஃப் பிறந்தது என்று ஒரு கதை கார் வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு ஹேண்டில் போட்டு உதவப் போய், அது திரும்ப உதைத்துத் தாடை உடைந்து, பின்னால் 1908இல் இறந்துபோனார், அந்த வருத்தத்தில் கேடிலாக் நிறுவனத்தின் ஹென்றி லேலண்ட் மாற்று தேடினார் என்பது கதை. எத்தனை சதவீதம் உண்மையோ, சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக்கில் வந்தது. கதையில் அடிபட்டவர் முதலாளி. கை முறிந்த கிளீனர்களுக்காக யாரும் மோட்டார் கண்டுபிடித்ததாகக் கதை இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கெட்டரிங் எங்கிருந்து வந்தார் என்பது. ஒஹையோ மாநிலத்தின் டேடன் நகரில், நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். கடைகளில் கல்லாவாக இருக்கும் அந்த இயந்திரத்தைக் கையால் அமுக்காமல் மின்சாரத்தால் இயக்க 1906 வாக்கில் ஒரு மோட்டார் செய்தார். கல்லாப்பெட்டி நாள் முழுக்கச் சுழல வேண்டியதில்லை. ஒரு கணம் பலமாக இழுத்துவிட்டு நின்றால் போதும். அப்படியானால் சின்ன மோட்டாரை ஒரு கணம் அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கலாம், எரிந்துபோவதற்குள் நிறுத்திவிடலாம். இந்த யோசனையைத்தான் அவர் காருக்குக் கொண்டுபோனார். இனி கேஷ் ரெஜிஸ்டரின் பூர்வீகம். 1879இல் டேடனில் சாராயக் கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், கல்லாவில் வேலைக்காரர்கள் கைவைக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் செய்த யந்திரம் அது. ஒவ்வொரு விற்பனையும் முகப்பில் பெரிதாகத் தெரியும். அதற்கு அவர்கள் வைத்த பேர் 'லஞ்சம் வாங்காத காசாளர்' என்ற அர்த்தத்தில் வரும். ஆக, நம் செல்ஃபின் பூட்டன் ஒரு கண்காணிப்பு யந்திரம். உழைப்பவனை நம்பாத முதலாளியின் கண். கருவிகளுக்கு ரத்த உறவு, பாவம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் வம்சாவளியைக் குறித்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை, பின்னால் இந்தக் கல்லாப்பெட்டி காருக்குள் திரும்பி வரப்போகிறது.

கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் கைக்குப் போனது, அவரும் அதன் ஆராய்ச்சித் துறைத் தலைவரானார். 1919இல் அதே ஜெனரல் மோட்டார்ஸ், கார் வாங்கக் கடன் கொடுப்பதற்கென்றே ஒரு நிதி நிறுவனத்தைத் தொடங்கியது. கையில் காசு சேர்த்துக்கொண்டு வந்து வாங்கு என்பது ஹென்றி ஃபோர்டின் பழைய பிடிவாதம். அவரும் 1923இல் வாராவாரம் சேமித்து வாங்கும் ஒரு திட்டம் போட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. அமெரிக்கா தவணைக்கு மாறிவிட்டது. 1929இல் கெட்டரிங் ஒரு வணிகப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். நுகர்வோரைத் திருப்தியில்லாமலே வைத்திருங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். சுலபமாகத் தொடங்கும் காரும் சுலபமாகத் தொடங்கும் கடனும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. அப்போது அவை இரண்டும் ஒரே ஒயரில் இணைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

சாவியைத் திருகினாலே செல்ஃப் சுழலும் ஏற்பாடு 1949இல் கிறைஸ்லர் கார்களில் வந்தது. அதற்கு முன்பு இக்னிஷனுக்குச் சாவி, ஸ்டார்ட்டருக்குத் தனிப் பொத்தான். இரண்டும் ஒன்றானபோது தொடங்கும் உரிமை ஓர் உலோகத் துண்டில் போய்ச் சேர்ந்தது. உலோகத் துண்டை யாரும் ராவிப் போலி செய்யலாம் என்பதால் சாவிக்குள் அடையாளம் வைத்தார்கள். 1986 கார்வெட் காரின் சாவியில் சின்ன மின்தடை ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. மொத்தம் 15 மதிப்புகள், சரியான மதிப்பு இல்லாவிட்டால் வண்டி எடுக்காது. பின்பு மின்தடை போய்ச் சில்லு வந்தது, வானொலி அலையில் சங்கேதம் பேசும் சாவி வந்தது. ஒவ்வொரு முறையும் மாறும் சங்கேதத்துக்குப் பெயர் பெற்ற 'கீலாக்' முறை 1980களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. நிறவெறி அரசு அவசரநிலை போட்டிருந்த ஆண்டுகள் அவை. 1995இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று வாங்கி உலகம் பூராவும் பரப்பியது. 2008இல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள். ஒரு தயாரிப்பாளரின் எல்லாக் கருவிகளுக்கும் பின்னால் ஒரு மூலச் சாவி இருந்தது, அது கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தாமாகத் திறந்துகொண்டன.

இதில் ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்துபவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. சில்லுச் சாவி உள்ளே இல்லாமல் கார் எடுக்காது, ஆனால் ரிமோட் ஸ்டார்ட்டரின் பயனே சாவி வெளியே இருக்கும்போது எடுப்பதுதான். என்ன செய்தார்கள் என்றால், வாடிக்கையாளரிடம் இன்னொரு சாவியை வாங்கி ஒரு சின்ன டப்பாவுக்குள் வைத்து டாஷ்போர்டுக்கு அடியில் நிரந்தரமாக ஒளித்து வைத்தார்கள். திருடனிடமிருந்து காப்பாற்றச் செய்த சாவி, திருடன் வரும் இடத்திலேயே குடியிருந்தது! பிற்பாடு அந்தச் சாவியின் சில்லை நகலெடுத்துவிடும் பெட்டிகள் வந்தன. பாதுகாப்பின் ஒவ்வொரு அடுக்குக்கும் அதைத் தாண்டிப்போகும் ஒரு சட்டபூர்வமான கள்ளவழியும் கூடவே விற்கப்பட்டிருக்கிறது. கள்ளவழியைக் காசு வாங்கிக்கொண்டு பொருத்தினால் அது தொழில். அதைப் பற்றி எழுதினால்? ஃபோக்ஸ்வாகன் உள்ளிட்ட பல கார்களில் இருந்த 'மெகாமோஸ்' சங்கேதத்தின் ஓட்டைகளை ஃபிளாவியோ கார்சியா முதலிய மூன்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது, 2013இல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய் கட்டுரைக்குத் தடை வாங்கியது. 2015இல்தான் அது வெளியானது, ஒரேயொரு வாக்கியம் நீக்கப்பட்டு. பிரதியில் விழுந்த அந்த ஓட்டையைப் பற்றி நம் விமர்சகர்கள் எழுதலாம்.

வின்னிபெக்குக்குத் திரும்புவோம். 2000களின் நடுவில் கனடாவின் நகரங்களில் கார் திருட்டு விகிதத்தில் அந்த ஊர் முதலிடத்தில் இருந்தது. எடுத்தவர்களில் நிறையப் பேர் பதின்வயதுப் பையன்கள். விற்பதற்காக இல்லை, சும்மா ஓட்டிப் பார்ப்பதற்கு, போலீசை வம்புக்கிழுப்பதற்கு. ஆளும் செத்திருக்கிறார்கள். மாகாணத்தில் கார் காப்பீடு அரசு நிறுவனத்தின் பொறுப்பு என்பதால், 2007இல் அதிகம் திருடுபோகும் மாடல்களுக்கெல்லாம் வண்டியை அசையவிடாமல் செய்யும் இம்மொபிலைசர் கருவியைக் கட்டாயமாக்கி, இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே திருட்டு பாதிக்கும் கீழே விழுந்தது. இதை மறுத்துப் பேசுவது அறிவீனம். திருடுபோன கார்களில் பல பழைய, மலிவான கார்கள், அவற்றை வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள் அல்ல. கருவி அவர்களைக் காப்பாற்றியது. அதே 2007இல் கனடா அரசு நாடு முழுக்கப் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா ஆக்கவில்லை. விளைவு, 2015 மாடல்களில் ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்துக்குத்தான் அது அடிப்படையாக இருந்தது, மற்றக் கம்பெனிகளில் 96 சதவீதம். 2021, 2022 ஆண்டுகளில் மில்வாக்கி போன்ற அமெரிக்க நகரங்களில் பையன்கள் இந்தக் கார்களை ஒரு யுஎஸ்பி முனையை வைத்துத் திருகி எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே கம்பெனியின் கார்கள் நின்ற இடத்தில் நின்றன. சந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு இது.

ஆனால் வின்னிபெக்கில் கதை காரோடு நிற்கவில்லை. 2008இல், தொடர்ந்து கார் எடுக்கும் பையன்களின் கணுக்காலில், எங்கே போகிறார்கள் என்று செயற்கைக்கோள் வழியாகக் காட்டிக்கொடுக்கும் பட்டையைப் பூட்டினார்கள். மானிடோபாவின் இளையோர் சிறைகளில் பூர்வகுடிப் பிள்ளைகளே பெரும்பான்மை என்பதைச் சொல்லிவிட்டால் அந்தக் கணுக்கால் எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். முந்தின வருஷம் காருக்கு, அடுத்த வருஷம் காலுக்கு. (ஃபூக்கோ வந்துவிட்டார் என்று முனக வேண்டாம், அவரை நான் கூப்பிடவில்லை.)

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும், 1974க்கு. தொடங்கும் ஒயரில் நிபந்தனை போடுவது அமெரிக்காவில் ஒருமுறை எல்லோருக்குமாக நடந்தது. சீட் பெல்ட் போடாமல் ஜனங்கள் சாகிறார்கள் என்பதால், 1974 மாடல் புதுக் கார்களில் முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி செய்தார்கள். நோக்கம் உயிரைக் காப்பது. நாடே கொதித்துவிட்டது. பக்கத்து சீட்டில் மளிகைப் பையை வைத்தாலும், நாயை உட்காரவைத்தாலும் வண்டி எடுக்க மறுத்தது. என் காரை எடுக்க எனக்கு அரசாங்கம் என்ன நிபந்தனை போடுவது என்று கேட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அதே 1974 அக்டோபரில் சட்டம் போட்டு அந்த ஏற்பாட்டைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தைப் பறித்தது. எச்சரிக்கை மணிகூட 8 விநாடிக்கு மேல் ஒலிக்கும்படி விதி செய்யக்கூடாது என்று எழுதினார்கள். ஒரு வருஷம்தான் ஆயிற்று. நடுத்தர வர்க்கத்துக்குக் கோபம் வந்தால் ஒயர் எத்தனை சீக்கிரம் விடுதலை ஆகிறது பாருங்கள்.

1990களின் இறுதியில் அதே ஒயரில் மறுபடி நிபந்தனை ஏறியது. இந்தத் தடவை எல்லோருக்கும் இல்லை, கடன்காரர்களுக்கு மட்டும். டெட்ராய்ட் நகரில் மெல் ஃபார் என்பவர் முன்பு புகழ்பெற்ற கால்பந்து ஆட்டக்காரர், பிறகு நாட்டின் பெரிய கறுப்பின கார் வியாபாரிகளில் ஒருவர். தொலைக்காட்சி விளம்பரத்தில் சூப்பர்மேன் மாதிரி அங்கி போட்டுப் பறந்து வருவார். வங்கிகள் கைவிட்ட, பெரும்பாலும் கறுப்பின ஏழை ஜனங்களுக்குப் பழைய கார்களைத் தவணைக்கு விற்ற அவர், அந்தக் கார்களில் 'ஆன் டைம்' என்றொரு பெட்டியைப் பொருத்தினார். தவணை கட்டினால் ஒரு சங்கேத எண் கொடுப்பார்கள், அதைப் போட்டால்தான் வண்டி எடுக்கும். கல்லாப்பெட்டி டாஷ்போர்டுக்குள் வந்துவிட்டது. மெல் ஃபார் கறுப்பினத்தவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளிம்பிலிருந்து மேலேறி வந்தவர் விளிம்பின் கழுத்தைப் பிடிப்பது நமக்கும் தெரியாத சங்கதி அல்ல.

பெட்டி சீக்கிரமே வளர்ந்தது. எண் போடும் பலகை போய், கம்பியில்லா இணைப்பும் இடங்காட்டியும் வந்தன. உள்ளே இருந்தது அலாரங்களில் பார்த்த அதே ஸ்டார்ட்டர் ரிலேதான். 2014இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 20 லட்சம் வண்டிகளில் இது இருந்தது. தவணை சில நாள் தள்ளிப்போனதும் வண்டி முடக்கப்பட்டு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் நின்ற ஒரு தாயைப் பற்றி அதில் இருந்தது. பஸ் வராத ஊர்களில் கார் என்பது ஆடம்பரம் அல்ல, கார் போனால் வேலை போகும், வேலை போனால் தவணை போகும். கடன் கொடுத்தவர்கள் தரப்பு வாதம்: இந்தக் கருவி இல்லாவிட்டால் இவர்களுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? உண்மைதான். நிலச்சுவான்தார் நெல் கடன் கொடுக்காவிட்டால் பண்ணையாள் பட்டினிதான் கிடந்திருப்பான். கலிஃபோர்னியா 2012இல் சட்டம் போட்டது, தடை செய்து அல்ல. முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும், நிறுத்துமுன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று.

கடனுக்கு வண்டியைப் பிடுங்குவது புதிதல்ல. தமிழ்நாட்டில் அதற்கு 'சீஸிங்' என்று பேர். டியூ கட்டாத வண்டியை நடுரோட்டில் மறித்து, சாவியைப் பிடுங்கி, ஆளை இறக்கிவிடுவது. 2007இல் வண்டிக் கடன் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே, வங்கிகள் குண்டர்களை வைத்து வசூலிப்பதைக் கண்டித்துத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அமெரிக்கச் சட்டம் நீதிமன்றத்துக்குப் போகாமலே வண்டியைப் பறிக்கக் கடன் கொடுத்தவனுக்கு அனுமதி தருகிறது. ஒரு நிபந்தனை, அமைதிக்குப் பங்கம் வரக் கூடாது. கடன்காரன் வாசலில் வந்து நின்று 'எடுக்காதே' என்று சத்தம் போட்டால் பல மாநிலங்களில் வந்தவன் திரும்பிப் போயாக வேண்டும். இந்தச் சின்ன விதியில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. வந்தவனுக்கு முகம் உண்டு. அவனிடம் கெஞ்சலாம், திட்டலாம், தெருவைக் கூட்டலாம், அவன் கையில் நூறு ரூபாயைத் திணித்து நாளைக்கு வா என்று சொல்லலாம். 'மாட்டேன்' என்று சொல்வதற்கு ஒரு வாசல் இருந்தது. ரிலே அந்த வாசலை எடுத்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு ஓர் அலுவலகக் கணினியிலிருந்து போகும் சமிக்ஞை எந்த அமைதியையும் குலைப்பதில்லை. காலையில் சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

1990இல் தெல்யூஸ் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில், குவாத்தரி கற்பனை செய்த ஒரு நகரம் வருகிறது. அங்கே ஒவ்வொருவர் கையிலும் மின்னணு அட்டை இருக்கும், அதைக் காட்டி வீட்டை, தெருவை, பேட்டையை விட்டு வெளியே வரலாம், ஆனால் ஏதோ ஒருநாள் அட்டை செல்லாமல் போகலாம். அதை எதிர்காலம் பற்றிய எச்சரிக்கையாக வாசித்துப் பழகியவர்கள், ஏழெட்டு வருஷத்தில் டெட்ராய்ட்டின் பழைய கார்க் கடையில் அது நடைமுறைக்கு வந்ததைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கோட்பாடு கருத்தரங்கில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது, ஒயர் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஏழைகளிடம் பரிசோதிக்கப்பட்டது மேலே போகும். 2021 டிசம்பரில், டொயோட்டா கார்கள் சிலவற்றில் சாவிக்கொத்து ரிமோட்டால் காரைத் தொடக்கும் வசதி, இலவச காலம் முடிந்ததும் மாதம் 8 டாலர் சந்தா கட்டினால்தான் வேலை செய்யும் என்பது வெளியே வந்தது. கையிலிருக்கும் ரிமோட் நேரடியாகக் காரோடுதான் பேசுகிறது, நடுவில் கம்பெனியின் கணினி செய்ய ஒரு வேலையும் இல்லை. இருந்தும் பணம் கட்டாவிட்டால் கார் தன் எஜமானின் குரலைக் கேட்காது. 2023 பிப்ரவரியில் ஃபோர்டு கம்பெனியின் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று வெளியானது. தவணை தவறினால் முதலில் ஏசியையும் ரேடியோவையும் நிறுத்துவது, காதைக் குடையும் சத்தம் எழுப்புவது, கதவைப் பூட்டுவது, கடைசியில் கார் தானாகவே ஓடிக் கடன்கொடுத்தவனிடம் போய் நின்றுகொள்வது. மதிப்பில்லாத பழைய வண்டியென்றால் காயலான் கடைக்கே போய்விடும். பத்திரிகைகளில் கூச்சல் எழுந்தது, அதே ஆண்டில் விண்ணப்பத்தைக் கைவிட்டார்கள். இம்முறையும் கூச்சல் போட்டவர்கள் வேறு ஆட்கள். பழைய கார்க் கடைகளில் டாஷ்போர்டுக்கு அடியில் பெட்டி பொருத்தப்பட்டபோது இவ்வளவு சத்தம் கேட்கவில்லை.

கால வரிசைப்படி முன்னால் வர வேண்டிய ஒரு சம்பவத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். 2010ஆம் ஆண்டு தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், ஒரே கடையில் தவணைக்குக் கார் வாங்கிய 100க்கும் மேற்பட்டவர்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்காமல் போயின. தவணை ஒழுங்காகக் கட்டியவர்களின் வண்டிகளும்தான். சிலருக்கு நடுராத்திரியில் ஹாரன் அலற ஆரம்பித்தது. கடைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. போலீஸ் விசாரித்ததில், அங்கே வேலை பார்த்து நீக்கப்பட்ட 20 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். அவனுடைய கடவுச்சொல்லை நீக்கியிருந்தார்கள், ஆனால் இன்னொரு ஊழியரின் கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராக முடக்கியிருக்கிறான், சில பெயர்களை அழித்துச் செத்துப்போன ராப் பாடகர் டூபாக் ஷகூரின் பெயரைப் போட்டிருக்கிறான். கணினிக்குள் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு.

அவன் அமுக்கியது புதுப் பொத்தான் அல்ல. பகலில் கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் அமுக்கும் அதே பொத்தான், அதே திரை, அதே பட்டியல். கடை அமுக்கினால் ஒப்பந்தம், அவன் அமுக்கினால் குற்றம். முதலாளி மேலிருந்த ஆத்திரம் முதலாளியைத் தொடவில்லை, கடன்காரர்கள் தலையில் போய் விழுந்தது. அவனுக்குக் கைக்கெட்டியது அந்த ஒயர் ஒன்றுதான். அன்றைக்கு வேலைக்குப் போக முடியாமல் சம்பளத்தை இழந்தவர்கள் இருந்தார்கள். வண்டியை இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனவர்கள் இருந்தார்கள். ஹாரனை நிறுத்த வேறு வழி தெரியாமல் சிலர் பானெட்டைத் திறந்து பேட்டரியையே கழற்றி வைத்தார்கள்.